மூலப்பத்திரம்

பாரிபதாவில் எங்கள் வங்கிக்கு ஒரு கிளை இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை புவனேஸ்வரத்திலிருந்து காரில் போய் ஆய்வு செய்துவிட்டு வர வேண்டும். சிமிலிபால் காட்டை ஒட்டிய சின்ன ஊர். போன முறை வேலை முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது கிளை மேலாளர் பெருமையாகச் சொன்னார்: "சார், நோபல் பரிசு வாங்கியிருக்க வேண்டிய ஒருத்தர் எங்க ஊர்ல பிறந்தவர். ஜோகேஷ் பதி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பெயரை நான் புத்தகங்களில் பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்கு அந்தப் பெயர் மனதில் நின்றதற்குக் காரணம் என் தாய்மாமா. மாமாவுக்கு ஜோகேஷ் பதி யாரென்று தெரியாது. கோலார் தங்கச் சுரங்கத்தில் கூண்டில் ஆளும் சரக்கும் ஏற்றி இறக்குகிற வேலை பார்த்தவர். பதி சொன்னது சரியா என்று சோதிக்க 1980-ல் அந்தச் சுரங்கத்துக்குள் இறக்கிய இரும்பில் அவர் கையும் பட்டிருக்கிறது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய பத்திரங்களைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

நான் பி.காம். படித்தவன். இயற்பியலில் எனக்கு இருக்கும் தகுதி, ராத்திரி படுக்கும் முன் படிக்கிற புத்தகங்கள் மட்டும்தான். ஆகவே கணக்கெல்லாம் கேட்காதீர்கள். ஆனால் எல்லா விசைகளையும் ஒன்றாக்கப் பார்க்கிறார்கள் என்று சொல்கிறார்களே, அந்த வேலை எனக்கு வீட்டுக்கடன் பிரிவில் பார்த்துப் பழகிய வேலை மாதிரியே படுகிறது. நாலு பேர் நாலு பத்திரத்தோடு வருவார்கள். நாலு சர்வே எண், நாலு பட்டா. பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் ஒரே தாத்தாவின் சொத்து. எப்போதோ பாகப்பிரிவினை ஆகியிருக்கும். மூலப்பத்திரம் கிடைத்துவிட்டால் எல்லாம் விளங்கிவிடும். இயற்பியல்காரர்கள் முந்நூறு வருடத்துக்கும் மேலாக அந்த மூலப்பத்திரத்தைத்தான் தேடுகிறார்கள்.

முதல் பத்திரம் நியூட்டனுடையது. 1687. கீழே விழுகிற பழத்துக்கும் வானத்தில் சுற்றுகிற நிலாவுக்கும் ஒரே சட்டம் என்றார். இது எல்லோருக்கும் தெரியும் என்பதால் தாண்டிப் போகிறேன்.

எனக்குப் பிடித்தது அடுத்தது. 1820-ல் ஓர்ஸ்டெட் என்கிற டென்மார்க்காரர், மின்சாரம் ஓடும் கம்பிக்குப் பக்கத்தில் காந்த ஊசி திரும்புவதைப் பார்த்தார். 1831-ல் மைக்கேல் ஃபாரடே அதைத் திருப்பிப் போட்டார்: காந்தத்தை அசைத்தால் கம்பியில் மின்சாரம் வருகிறது. (ஃபாரடே புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை கற்றவர். பள்ளிப் படிப்பு சொற்பம், கணக்கு வராது. பி.காம்.காரனுக்கு இதைவிட ஆறுதல் வேண்டுமா?) இரண்டும் ஒரே குடும்பம் என்று சந்தேகம் வந்துவிட்டது. அதைப் பத்திரமாக எழுதிக் கொடுத்தவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்.

அதில் ஒரு இடம் இருக்கிறது. வெபர், கோல்ராஷ் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் 1856-ல் மேசை மேல் மின்சாரத்தை மட்டும் வைத்து ஓர் அளவு எடுத்திருந்தார்கள். வெளிச்சத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மேக்ஸ்வெல் அந்த எண்ணைத் தன் சமன்பாட்டில் போட்டு, மின்காந்த அதிர்வு என்ன வேகத்தில் போகும் என்று கணக்குப் பார்த்தார். நொடிக்கு 3,10,740 கிலோமீட்டர் என்று வந்தது. அதற்குச் சில வருடம் முன்பு ஃபிசோ என்ற பிரெஞ்சுக்காரர் பல் சக்கரமும் கண்ணாடியும் வைத்து ஒளியின் வேகத்தை அளந்திருந்தார். அவருடைய எண் 3,14,858.

இரண்டு வேறு வேறு லெட்ஜர். இரண்டு வேறு வேறு ஆட்கள் எழுதியது. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்று, ஒன்றேகால். எங்கள் கிளையில் இந்த வித்தியாசத்தோடு கணக்கு முடித்துவிட்டு யாரும் வீட்டுக்குப் போக முடியாது, அது வேறு விஷயம். :-) ஆனால் மேக்ஸ்வெலுக்கு அது போதும். ஒளி என்பதே மின்காந்த அலைதான் என்று 1862-ல் எழுதிவிட்டார். 1887, 88-ல் ஹெர்ட்ஸ் அந்த அலையைச் சோதனைச்சாலையில் உண்டாக்கிக் காட்டினார். அதற்குள் மேக்ஸ்வெல் இறந்து ஒன்பது வருடம் ஓடியிருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, இணைப்பை உறுதி செய்தது அழகு இல்லை, ஒரு எண். வெளியிலிருந்து, வேறு வேலைக்காக எடுத்த எண். எனக்கு எப்போதும் இந்த விஷயத்தில் ஒரு தணிக்கைக்காரனின் புத்தி. இரண்டு கணக்கும் நன்றாகப் பொருந்துகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டேன். மூன்றாம் ஆள் கையெழுத்து எங்கே என்பேன்.

ஃபாரடேவே இதில் ஒருமுறை வெறுங்கையோடு திரும்பியவர். ஈர்ப்பும் மின்சாரத்தோடு சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்குத் திடமான நம்பிக்கை. 1849-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷன் அரங்கில் கம்பிச் சுருளோடு பொருள்களை மேலிருந்து கீழே விட்டுப் பார்த்தார், விழும்போது மின்சாரம் பிறக்கிறதா என்று. ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதையே கட்டுரையாக அச்சிட்டார். இருந்தாலும் அந்த உறவு இருக்கிறது என்ற எண்ணம் தனக்கு மாறவில்லை என்றும் அதிலேயே சொன்னார். பத்து வருடம் கழித்து, எழுபதை நெருங்கும் வயதில், தேம்ஸ் கரையில் ஒரு உயரமான கோபுரத்தில் ஈயக் கட்டிகளை ஏற்றி இறக்கி மறுபடி பார்த்தார். மறுபடியும் இல்லை. இந்த முறை கட்டுரையை அச்சிட வேண்டாம் என்று ஸ்டோக்ஸ் அறிவுரை சொல்ல, ஃபாரடே திரும்பப் பெற்றுக்கொண்டார். அதையும் அச்சிட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

ஐன்ஸ்டைன் கதை இதைவிடப் பெரிய ஏமாற்றம். 1915-ல் ஈர்ப்புக்குப் புதுச் சட்டம் எழுதியவர், அதன் பிறகு மின்காந்தத்தையும் அதோடு சேர்க்க முப்பது வருடம் போராடினார். தியோடர் கலூசா என்று ஒருவர், நாலு பரிமாணத்துக்குப் பதில் ஐந்து என்று வைத்தால் இரண்டும் தானாக ஒன்றாகிவிடுகிறது பாருங்கள் என்று 1919-ல் அவருக்கு எழுதினார். அது 1921-ல் அச்சானது. 1926-ல் ஆஸ்கர் க்ளைன் அந்த ஐந்தாவது பரிமாணம் கண்ணுக்குத் தெரியாமல் சுருண்டு கிடக்கிறது என்றார். நம் கொல்கத்தா சத்யேந்திர நாத் போஸ்கூட 1950-களில் ஐன்ஸ்டைனின் ஒருங்கிணைந்த புலக் கோட்பாட்டில் உட்கார்ந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார். 1955 ஏப்ரலில், ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் ஐன்ஸ்டைன் தன் கணக்குத் தாள்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். முடியவில்லை.

ஏன் முடியவில்லை? குவாண்டம் இயற்பியலை அவர் முழு மனதாக ஏற்கவில்லை என்பார்கள். அது உண்மைதான். ஆனால் என் கண்ணில் படுவது இன்னொன்று. அதற்குள் அணுக்கருவுக்குள் இரண்டு புது விசைகள் தெரிய வந்துவிட்டன. அணுக்கருவைக் கட்டிப் பிடித்து வைக்கும் வலுவான விசை ஒன்று. கதிரியக்கத்துக்கும் சூரியன் எரிவதற்கும் காரணமான வலுவற்ற விசை இன்னொன்று. மொத்தம் நாலு வாரிசு. ஐன்ஸ்டைன் இரண்டு பேரை மட்டும் கட்சியாகச் சேர்த்து பாகப்பிரிவினை வழக்கு நடத்தினார். எந்தக் கோர்ட்டில் நிற்கும்?

வழக்கு நகர்ந்தது அவர் சேர்க்காத வாரிசின் பக்கமிருந்து. வலுவற்ற விசை எப்படிப்பட்டது என்று 1957-ல் தெளிவாகச் சொன்னவர்கள் மார்ஷாக்கும் அவர் மாணவர் சுதர்சனும். சுதர்சன் கோட்டயம் பக்கத்துக்காரர். தாம்பரத்தில் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். அந்த அடித்தளத்தின் மேல் கிளாஷோ 1961-லும், வைன்பர்க் 1967-லும், அப்துஸ் சலாம் 1968-லும் கட்டிடம் எழுப்பினார்கள். மின்காந்தமும் வலுவற்ற விசையும் ஒரே குடும்பம். பிரபஞ்சம் பிறந்த புதிதில், ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரம் வரை, கூட்டுக்குடும்பமாக இருந்தார்கள். சூடு ஆறியதும் பிரிந்துவிட்டார்கள். இங்கேயும் மூன்றாம் ஆள் கையெழுத்து வந்தது. அவர்கள் சொன்னபடியே ஒரு புதுவகை நிகழ்வை 1973-ல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் கண்டது. 1979-ல் மூவருக்கும் நோபல். 1983-ல் டபிள்யூ, இசட் என்ற துகள்கள் சொன்ன எடையில் பிடிபட்டன. 2012-ல் ஹிக்ஸும் வந்து சேர்ந்தது.

சலாம் இப்போது பாகிஸ்தானில் இருக்கும் ஜங் பகுதியில் பிறந்தவர். தேசப் பிரிவினைக்கு முன் லாகூரில் தனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்த வங்காளி ஆசிரியரைத் தேடிக் கண்டுபிடித்து, நோபல் வாங்கிய பின் 1981-ல் கொல்கத்தாவுக்கு வந்து பார்த்தார். அவர் நாட்டில் 1974-ல் அவர் பிரிவினரை முஸ்லிம்களே இல்லை என்று சட்டம் போட்டார்கள். இயற்கையின் பாகப்பிரிவினைகளை ரத்து செய்து காட்டியவருக்கு மனிதர்கள் போட்ட கோடுகள்!

இந்த சலாமும், மேரிலாந்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பாரிபதாக்காரர் ஜோகேஷ் பதியும் 1972-ல் இத்தாலியின் ட்ரியெஸ்தே நகரில் சேர்ந்து யோசிக்கத் தொடங்கினார்கள். உலகத்தில் பொருள் என்று இருப்பது இரண்டு ஜாதி. புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகள் ஒன்று. எலக்ட்ரான், நியூட்ரினோ போன்ற லெப்டான்கள் இன்னொன்று. இரண்டும் கலக்காது என்பதுதான் அதுவரை வேதவாக்கு. குவார்க்குக்கு மூன்று 'நிறம்' உண்டு என்பார்கள் (நிஜ நிறம் இல்லை, அடையாளக் குறி). பதியும் சலாமும், லெப்டானை ஏன் நாலாவது நிறமாக வைக்கக்கூடாது என்று கேட்டார்கள். அவ்வளவுதான். ஒரே லெட்ஜரில் நாலாவது பத்தி.

ஆனால் அந்தப் பத்தியைச் சேர்த்தவுடன் ஒரு வில்லங்கம் வருகிறது. ஒரே குடும்பம் என்றால் ஒருவர் பங்கு இன்னொருவர் பேருக்கு மாறலாம் அல்லவா? குவார்க் லெப்டானாக மாறலாம். அப்படியானால் புரோட்டான் சாகும். நீங்கள், நான், இந்தக் கம்ப்யூட்டர், இமயமலை எல்லாம் என்றைக்காவது கரைந்து போகும். 1973-ல் அவர்கள் எழுதிய கட்டுரையின் தலைப்பே கேள்விதான்: பேரியான் எண் மாறாமல் இருக்கிறதா? அடுத்த வருடம் ஜார்ஜி, கிளாஷோ இருவரும் வேறொரு திட்டம் போட்டார்கள்; அதிலும் வலுவான விசை உட்பட மூன்றும் ஒன்றாயின, அதிலும் புரோட்டான் செத்தது. இந்த மூன்றும் பிரிந்த இடத்துக்கு நேரே போய்ப் பார்க்க முடியாது. செர்ன் இயந்திரத்தைப் போல பல ஆயிரம் கோடி மடங்கு சக்தி வேண்டும். புரோட்டான் சாகிறதா என்று காத்திருந்து பார்ப்பதுதான் ஒரே வழி.

எவ்வளவு நாள் காத்திருப்பது? ஜார்ஜி-கிளாஷோ கணக்குப்படி ஒரு புரோட்டானின் சராசரி ஆயுள், 1-க்குப் பின் 30 சைபர் போட்ட வருடங்கள், ஒரு சைபர் முன்னே பின்னே. பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி வருடம்தான். ஆனால் எங்கள் தொழிலில் இதற்கு வழி தெரியும். ஒரு கணக்கு சராசரியாக நூறு வருடம் உயிரோடு இருக்கும் என்றால், ஒரு கணக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆயுள் போதாது. ஆயிரம் கணக்கைப் பார்த்தால் வருடத்துக்குப் பத்து மூடப்படும். 140 டன் இரும்பில் புரோட்டானும் நியூட்ரானுமாக 8-க்குப் பின் 31 சைபர் போடுகிற அளவு இருக்கும். 30 சைபர் ஆயுள் என்றால் வருடத்துக்கு எண்பது சாவு. 31 சைபர் என்றாலும் எட்டு.

அந்த 140 டன்தான் கோலாரில் இறங்கியது. வானத்திலிருந்து நம் உள்ளங்கை அளவு இடத்தில் நொடிக்கு ஒன்று வீதம் துகள்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. அந்த இரைச்சலில் ஒரு புரோட்டானின் சாவு கேட்காது. 2,300 மீட்டர் பாறைக்கு அடியில் போனால் கேட்கலாம். டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகமும் ஜப்பானியர்களும் சேர்ந்து நடத்தினார்கள். எம்.ஜி.கே. மேனன், ஸ்ரீகண்டன், நரசிம்மம், மியாகே போன்றவர்கள். புது இடம் இல்லை. காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை 1965-ல் உலகில் முதலில் பதிவு செய்த இரண்டு இடங்களில் கோலார் ஒன்று. மற்றது தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம்.

அந்தப் பாறையைக் குடைந்தவர்கள் பெரும்பாலும் வட ஆற்காட்டிலிருந்து போன நம்மவர்கள். என் அம்மாவின் தாத்தா காலத்தில் குடியாத்தம் பக்கத்திலிருந்து போன குடும்பம். மாமா சொல்வார்: "இன்னாத்துக்கு சார் இதுன்னு கேட்டா, இரும்பு சாவுதான்னு பாக்குறோம்னாங்க மாப்ளே. தகட்டை அடுக்கிட்டு, நடுநடுவுல கொழாய் மாதிரி வெச்சி, பாத்துக்கினே இருந்தாங்க. தங்கம் எடுக்குற எடத்துல இரும்பை எறக்குறது நாங்கதான்னு சிரிப்போம்."

1981, 82-ல் கோலார் குழு, புரோட்டான் சிதைவாக இருக்கக்கூடிய சில நிகழ்வுகள் கிடைத்திருப்பதாக அறிவித்தது. உலகம் திரும்பிப் பார்த்தது. நியூட்ரினோ வந்து மோதினாலும் அதே மாதிரிதானே தெரியும் என்று சந்தேகக்காரர்கள் கேட்டார்கள். 1983-ல் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து உப்புச் சுரங்கத்தில், ஆயிரக்கணக்கான டன் தண்ணீர் வைத்துப் பார்த்தவர்கள் 80 நாள் கணக்கை வெளியிட்டார்கள். எதிர்பார்த்த சிதைவு ஒன்றுகூட இல்லை. ஜார்ஜி-கிளாஷோவின் எளிய திட்டம் அதோடு செத்தது. பதி-சலாம் வழி ஆயுளை நீட்டிச் சொல்ல இடம் கொடுக்கிறது என்பதால் உயிரோடு இருக்கிறது. 2000-ல் பதி, ஜார்ஜி, ஹெலன் க்வின் மூவருக்கும் டிராக் பதக்கம் கிடைத்தது.

கோலார் சோதனை 1990-களின் தொடக்கத்தில் முடிந்தது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கமே மூடப்பட்டது. மாமா பையன் இன்றைக்கும் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறான். போன பொங்கலுக்கு ஆண்டர்சன்பேட்டைக்குப் போயிருந்தபோது மாமா என்னைக் கேட்டார். வயது எண்பதை நெருங்குகிறது.

"அது ஆப்டுச்சா மாப்ளே, இல்லியா?"

இல்லை மாமா என்றேன். இப்போது தெரிந்த கணக்குப்படி நீங்கள் இறக்கிய இரும்பில் ஒன்று சாவதைப் பார்க்கக் குறைந்தது சில நூறு வருடம் உட்கார வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "லோடு சரியாத்தானே எறக்குனோம்?" என்றார். சரியாகத்தான் இறக்கினீர்கள் என்றேன்.

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. ஜப்பானில் காமியோக்கா சுரங்கத்தில் புரோட்டான் சாவதைப் பார்க்க 3,000 டன் தண்ணீர்த் தொட்டி கட்டி 1983-ல் உட்கார்ந்தார்கள். 1987 பிப்ரவரி 23-ல் பக்கத்துக் குட்டி விண்மீன் மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்து, அதன் நியூட்ரினோக்கள் தொட்டியில் விழுந்தன. கோஷிபாவுக்கு 2002-ல் நோபல். அதே இடத்தில் 1996-ல் 50,000 டன் தொட்டி. நியூட்ரினோவுக்கு எடை உண்டு என்று அது 1998-ல் காட்டியது. கஜிதாவுக்கு 2015-ல் நோபல். புரோட்டான் மட்டும் சாகவில்லை. 2020-ல் அவர்கள் வெளியிட்ட கணக்கு: புரோட்டான் பாசிட்ரானாகவும் பையானாகவும் உடைவதாக இருந்தால் அதன் ஆயுள் 24-க்குப் பின் 33 சைபர் வருடத்துக்கு மேல்.

ஈர்ப்பையும் சேர்க்கிறேன் என்று வந்த இழைக் கோட்பாட்டைப் பற்றிச் சொல்லவில்லையே என்பீர்கள். 1984-ல் கிரீனும் ஷ்வார்ட்ஸும் அதிலிருந்த பெரிய முரண்பாடு ஒன்றைத் தீர்த்தபோது எல்லோரும் ஓடிப்போய்ச் சேர்ந்தார்கள். பத்துப் பரிமாணம், 1995-ல் விட்டன் வந்து பதினொன்று. கணிதத்துக்கு அதனால் பெரிய லாபம் என்கிறார்கள். ஆனால் இதுவரை எந்தச் சோதனையும் அதற்குக் கையெழுத்துப் போடவில்லை. அது எதிர்பார்க்கும் ஜோடித் துகள்களும் செர்னில் தென்படவில்லை. என் புத்திக்கு அது அடமானம் வைக்கச் சொத்து காட்டாத கடன் மனு மாதிரி. நிராகரிக்கவும் மனசு வரவில்லை, கையெழுத்துப் போடவும் முடியவில்லை.

கோலாருக்குப் பின் நம் நாட்டில் அப்படி ஓர் ஆழமான இடம் இல்லை. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து 50,000 டன் இரும்பு வைத்து நியூட்ரினோ பார்க்கும் திட்டத்துக்கு 2015-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. ஊர் மக்கள் பயந்தார்கள், வழக்கு நடந்தது, மாநில அரசும் வேண்டாம் என்றது. மலை பற்றிய அவர்கள் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். சுரங்கத்தை நம்பிய ஊர் என்ன ஆகும் என்று பார்த்த குடும்பம் நாங்கள். ஆனால் கோலாரில் இப்படி ஒன்று நடந்தது என்று அந்த மக்களிடம் நம் தமிழில் யாராவது முன்கூட்டியே உட்கார்ந்து பேசியிருக்கலாம்.

ஜப்பான்காரர்கள் விடவில்லை. காமியோக்காவில் அடுத்த தொட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள், 2,60,000 டன் தண்ணீர் பிடிக்கும். போனில் மாமாவிடம் சொன்னேன்.

"தண்ணியா? ஏன், இரும்பு வேணாமாமா?" என்று கேட்டார்.